பால்வாடிக்குப் போடும் காசு எங்கே போகிறது?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டிக் கணக்கு என்று எத்தனையோ பாடங்களை இந்தப் பக்கத்தில் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடமும் கணக்குப் பாடம்தான். ஆனால் இது நம்ம குழு நோட்டில் இதுவரை எழுதாத கணக்கு. ஆறு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் செலவு செய்தால் அதில் லாபம் யாருக்கு? எவ்வளவு? எப்போது? இதுதான் இன்றைய பாடம்.

பாடத்துக்கு முன்னால் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

அபராதம் போட்ட கதை

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு. ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. தவணையும் ரெண்டு மாசம் நிலுவை. குழுத் தீர்மானப்படி அபராதம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று எடுத்துக் கொடுத்ததே நாங்கள்தான்.

அடுத்த மாசம் அவர் வீட்டுக்குப் போனோம். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை, காய்ச்சல். வாசலில் மூணு வயசுப் பையன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் இறந்துபோய் மூணு மாசம் ஆகியிருந்தது. சுவரில் ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்கியது. அது ஏழாவது படிக்கும் மூத்த மகளுடையது. அந்தப் பெண் அடுப்படியில் இருந்தாள்.

"என்னம்மா, பாப்பா ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டோம்.

"நான் கூலிக்குப் போனா இவ பள்ளிக்கூடம் போக முடியாது மேடம். இவ பள்ளிக்கூடம் போனா நான் கூலிக்குப் போக முடியாது. ஒரு நாள் நான், ஒரு நாள் அவ. இப்படித்தான் ஓடுது" என்றார்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. கடன் விண்ணப்பத்தில் மாடு எத்தனை, நிலம் எவ்வளவு, வேறு கடன் உண்டா என்று எல்லாம் கேட்கிறோம். "கைக்குழந்தை இருக்கா? யார் பார்த்துக்கிறாங்க?" என்று ஒரு வரி கேட்டதில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் அபராதம் போட்டிருக்க மாட்டோம்.

இது அந்த ஒரு வீட்டுப் பிரச்சனையா, எல்லார் வீட்டுப் பிரச்சனையா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த முறை கண்டுணர்வுப் பயணத்துக்குச் சென்னையைத் தேர்ந்தெடுத்தோம். செங்கல்பட்டில் விடியற்காலை ரயில் ஏறினோம். நம்ம உறுப்பினர்கள் பதினாறு பேர். தி. நகர், மயிலாப்பூர், அடையாறு என்று மூணு இடம் பார்த்தோம். மூணு இடத்திலும் ஒவ்வொரு பாடம் கிடைத்தது.

முதல் பாடம்: தி. நகர் – சோறு போட்டவர்கள்

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. தி. நகர் என்றால் நமக்குத் துணிக்கடையும் நகைக்கடையும்தான் ஞாபகம் வரும். ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மூன்று பேரின் பெயர் இந்த ஊரோடு சேர்ந்திருக்கிறது.

தியாகராய நகர் என்ற பெயரே சர் பிட்டி தியாகராயர் பெயரால் வந்தது. அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது போனது. வயிற்றுக்குக் கிடைத்ததும் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள். ஆனால் கல்விக்கான பணத்தை உணவுக்குச் செலவு செய்யக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்லி, 1925-ல் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாமவர் காமராஜர். 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் குடியிருந்த வீடு தி. நகர் திருமலைப் பிள்ளை சாலையில் நினைவு இல்லமாக இருக்கிறது. மூன்றாமவர் எம்.ஜி.ஆர். அவருடைய நினைவு இல்லமும் தி. நகரில், ஆற்காடு தெருவில்தான். 1982 ஜூலை 1-ல் அவர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நம்ம பாடத்துக்கு முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு நிற்காமல் 2 வயசுப் பிள்ளையிலிருந்து பால்வாடியில் சோறு என்று ஆனது. முதலில் கிராமங்களுக்கும், அதே வருஷம் செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது.

அன்றைக்குப் படித்தவர்கள் பலர், "இது வீண் செலவு, கஜானா காலியாகும்" என்று பேசினார்கள். செலவு ஆனது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். அரிசியும் பருப்பும் விளைவித்தவருக்குக் கொஞ்சம் போனது. சமைக்கவும் பரிமாறவும் வந்த பெண்களுக்குச் சம்பளமாகப் போனது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். மிச்சம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனது. வயிற்றுக்குள் போனது என்ன ஆச்சு என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நம்ம குழுக்களுக்கும் இதில் ஒரு பழைய உறவு உண்டு. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. சின்னக் குழந்தைகளை மாசா மாசம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்த உணவைப் பல ஊர்களில் செய்து கொடுத்தது உள்ளூர்ப் பெண்கள் குழுக்கள். 1989-ல் தர்மபுரியில் அரசு சுயஉதவிக் குழுக்களைத் தொடங்குவதற்கு முன்னாலேயே பெண்கள் இப்படிக் குழுவாகச் சேர்ந்து பிள்ளைகளுக்காக வேலை செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் பாடம்: மயிலாப்பூர் – இன்றைய லாபம்

கபாலீசுவரர் கோயில் மாட வீதியில் பூ விற்கும் ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தோம். விடியும் முன்னே கோயம்பேடு போய்ப் பூ எடுத்து வருகிறார். மூணு வயசுப் பையன். காலையில் அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து உட்கார்கிறார்.

நம்ம உறுப்பினர் ஒருத்தர் நேராகவே கேட்டார், "ஒரு நாளைக்கு என்னக்கா நிக்கும்?"

"சாதா நாள்ல கைல நானூறு நிக்கும்மா. பால்வாடி லீவு விட்டா புள்ளையக் கூட வெச்சிக்கிட்டு உக்காரணும். அவன் ரோட்டுக்கு ஓடறான், நான் பின்னாடி ஓடறேன். பூ வாடுது. அன்னிக்கு எரநூறு நின்னா பெருசு."

திரும்பும்போது ரயிலில் இதைக் கணக்குப் போட்டோம். பையன் அங்கன்வாடியில் இருந்தால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கூடுதல். மாசம் 22 நாள் என்றால் 4,400 ரூபாய். அங்கன்வாடியில் அந்தப் பையனுக்குக் கிடைப்பது கலவை சாதம், முட்டை, பாட்டு, விளையாட்டு. இவை பையனுக்கு. அவன் அம்மாவுக்குக் கிடைப்பது நேரம். அந்த நேரம்தான் 4,400 ரூபாய்.

பிள்ளைப் பராமரிப்பின் முதல் லாபம் இதுதான். இருபது வருஷம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கைக்கு வருகிறது.

இப்போது நம்ம ஊருக்கு ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு தாய் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மாசம் 8 நாள் வேலையை விடுகிறார். ஒரு நாள் கூலி 300 ரூபாய்.
மாசம் நஷ்டம்: 8 × 300 = 2,400 ரூபாய்.
வருஷ நஷ்டம்: 2,400 × 12 = 28,800 ரூபாய்.
ஊரில் இப்படி 20 தாய்மார்கள் என்றால்: 5,76,000 ரூபாய்.

இனி செலவுப் பக்கம். காலை முதல் மாலை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பெண்கள் 2 பேர். ஆளுக்கு மாசம் 6,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,44,000. பால், பாய், தொட்டில், விளையாட்டுச் சாமான், மருந்துப் பெட்டி எல்லாம் சேர்த்து 56,000 என்று வையுங்கள். மொத்தம் 2,00,000 ரூபாய்.

காப்பகம் வந்ததும் எல்லா நாளும் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேலை கிடைக்காத நாள் உண்டு, காய்ச்சல் வரும் நாள் உண்டு. பாதி நஷ்டம் நின்றாலே போதும். 2,88,000 ரூபாய் ஊருக்குள் வருகிறது. 2,00,000 போட்டு 2,88,000 எடுத்தால் அது தர்மமா? கறவை மாட்டுக் கடனில்கூட இந்த லாபம் எல்லா வருஷமும் கிடைப்பதில்லை!

இதில் மூத்த மகளின் படிப்பை நாம் இன்னும் சேர்க்கவில்லை. தம்பி, தங்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்கும் ஏழாவது வகுப்புப் பெண்ணின் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. அவள் பத்தாவது முடிப்பதா, பதினெட்டு ஆவதற்குள் கல்யாணத்துக்கு நிற்பதா என்பது பல வீடுகளில் அந்தக் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்பதில்தான் இருக்கிறது.

மூன்றாம் பாடம்: அடையாறு – நாளைய லாபம்

அடையாறில் பெரிய ஆலமரத்தோடு தியசாபிகல் சொசைட்டி இருக்கிறது. 1939-ல் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அங்கே வந்து தங்கி, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். "மாண்டிசோரி பள்ளி" என்று இப்போது ஊருக்கு ஊர் போர்டு பார்க்கிறோமே, அது அவர் பெயர்தான். இன்றைக்கு அது காசுள்ளவர்கள் சமாச்சாரம் போலத் தெரிகிறது. ஆரம்பம் அப்படி இல்லை.

1907-ல் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பகுதியில் அவருடைய முதல் மையம் திறந்தது. அங்கே பெரிய குடியிருப்புக் கட்டடங்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் கட்டடத்துக்குள் ஓடி, சுவரைக் கிறுக்கி, படிக்கட்டை உடைத்தார்கள். கட்டட நிர்வாகத்தினர் கணக்குப் போட்டார்கள். வருஷா வருஷம் பழுது பார்க்கும் செலவைவிட, ஒரு அறையும் ஒரு ஆசிரியையும் கொடுத்தால் மலிவு என்று முடிவு செய்தார்கள். அப்படித்தான் மாண்டிசோரியிடம் அந்தப் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். இரக்கத்தோடு கணக்கும் சேர்ந்து பிறந்த பள்ளி அது.

அடையாறுக்குப் பக்கத்துத் தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவருடைய துணைவியார் மீனா சுவாமிநாதன் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவர். பள்ளிக்கு முந்தைய வயசுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவராக இருந்து, 1972-ல் அறிக்கை கொடுத்தார். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கியது. அதுதான் நம்ம அங்கன்வாடி. அந்த அறிக்கை அதற்கு ஒரு அடிப்படை. வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2022-ல் மறையும் வரை அவர் பேசியும் எழுதியும் வந்தார். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

அடையாறு தெருக்களில் நடந்தபோது நம்ம உறுப்பினர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மாடி வீட்டுப் பிள்ளை ரெண்டரை வயசில் பிளே ஸ்கூலுக்குப் போகிறது. அதே வீட்டில் பாத்திரம் துலக்கும் தாயின் ரெண்டரை வயசுப் பிள்ளை பக்கத்து வீட்டுப் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. "வயசு ஒண்ணுதான், ஆனா ஓட்டப்பந்தயம் அங்கயே ஆரம்பிச்சிருச்சு பாருங்க" என்றார் ஒருத்தர். சரியான பேச்சு. ஆறு வயசுக்குள் மூளை ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. நாத்து நல்லா இருந்தால்தான் நடவு நல்லா இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வயிற்றுக்குள் போன காசு என்ன ஆச்சு?

இதற்குப் பதில் சொல்ல ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைகளோடு பல வருஷம் பின்னாலேயே போயிருக்கிறார்கள். மூணு கதை சொல்கிறோம்.

குவாத்தமாலா என்பது நம்மைப் போல ஏழை விவசாயிகள் நிறைந்த நாடு. அங்கே 1969 முதல் 1977 வரை சில கிராமங்களில் குழந்தைகளுக்குச் சத்துள்ள கஞ்சி கொடுத்தார்கள். நம்ம சத்துமாவுக் கஞ்சி போலத்தான். வேறு கிராமங்களில் அவ்வளவு சத்தில்லாத பானம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ரெண்டு வயசு வரை அந்தக் கஞ்சி குடித்த ஆண்கள் ஒரு மணி நேரத்துக்குச் சம்பாதிக்கும் கூலி 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூணு வயசுக்கு மேல் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கூலி அப்படிக் கூடவில்லை. ஏன் என்று நம்ம குழுவில் கேட்டுப் பாருங்கள். படித்தாலும் வேலைக்குப் போக வீட்டில் வழி வேண்டுமே!

அடுத்தது ஜமைக்கா. 1986-87-ல் கிங்ஸ்டன் நகரத்தில், வயசுக்கேற்ற உயரம் இல்லாத ஏழைக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போனார். கையால் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். ரெண்டு வருஷம் மட்டும்தான். அந்தப் பிள்ளைகள் 22 வயசானபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். சோறு மட்டும் போதாது, பேச்சும் விளையாட்டும் வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். நம்ம அங்கன்வாடியில் "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று பாடத்திட்டம் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

மூணாவது கதை நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், மாநில அரசோடு சேர்ந்து 2016 முதல் 320 அங்கன்வாடி மையங்களில் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் 160 மையங்களுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்று பகுதி நேரமாக ஒரு பெண்ணைக் கூடுதலாகப் போட்டார்கள். மற்ற 160 மையங்கள் வழக்கம் போல நடந்தன. ஒன்றரை வருஷத்தில், கூடுதல் ஆள் இருந்த மையங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் தமிழிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் சத்துணவைக் கவனிக்கவும் நேரம் கிடைத்தது. அதனால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிச் சம்பாதிக்கப் போவதைக் கணக்கிட்டால், போட்ட ஒரு ரூபாய்க்கு 13 முதல் 21 ரூபாய் வரை பலன் வரும் என்று மதிப்பிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஒரு பெண்ணைக் கூடுதலாக வேலைக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். நம்ம ஊர் அங்கன்வாடிப் பணியாளரைப் பார்த்திருப்பீர்கள். பதிவேடு, எடை, தடுப்பூசி நாள், கணக்கெடுப்பு, கூட்டம் என்று எல்லா வேலையும் அவர் தலையில். "டீச்சர் பாடமே நடத்தறதில்ல" என்று குறை சொல்வதற்கு முன்னால் அவருக்கு எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.

அரசாங்கம் ஏன் போடணும்? அம்மா அப்பா போட்டால் போதாதா?

பயணத்தில் ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வி இது. "அவ்வளவு லாபம்னா நாமே குழுவுல கடன் வாங்கி நடத்தலாமே?"

நல்ல கேள்வி. யோசித்துப் பாருங்கள். மாட்டுக்குக் கடன் வாங்கினால் அடுத்த மாசமே பால் வரும், தவணை கட்டலாம். பிள்ளைக்குப் போட்ட காசு இருபது வருஷம் கழித்துத்தான் திரும்பும். அவ்வளவு நாள் தவணைக்குக் காத்திருக்கும் வங்கி எது? அடகு வைக்கப் பிள்ளை நகையா? அதனால் எவ்வளவு பாசமுள்ள தாயாக இருந்தாலும் கையில் காசில்லாதபோது இந்த முதலீட்டைச் செய்ய முடிவதில்லை.

இன்னொன்று, லாபம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. நல்லா வளர்ந்த பிள்ளை நாளைக்கு வரி கட்டும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகாது. வகுப்பில் தோற்று இரண்டு முறை உட்காராது. லாபம் ஊருக்கெல்லாம் போகும்போது செலவு மட்டும் தாய் தலையில் என்றால் நியாயமா? ரோடு, ஏரி, மின்சாரம் போல இதுவும் பொதுச் சொத்து. பொதுப் பணத்தில்தான் நடக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. உரிமையாகவே கேட்கலாம்.

1. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூணு மாசத்துக்குள் மையம் தர வேண்டும்.

2. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாசம் முதல் 6 வயசு வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி மூலம் உணவு பெறுவது உரிமை.

3. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் பேறுகால உதவிச் சட்டத்தில் சேர்த்தார்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. நம்ம பெண்கள் தி. நகர் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

4. 2022 முதல் மத்திய அரசின் பால்னா திட்டத்தில், அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த வழி இருக்கிறது. 6 மாசக் குழந்தை முதல் சேர்க்கலாம்.

நாலாவதுதான் நமக்கு ரொம்ப முக்கியம். ஏனென்றால் நம்ம அங்கன்வாடியில் உட்கார்ந்து படிப்பது 2 வயசுக்கு மேல் உள்ள பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை. மையமும் மாலைக்கு முன்னாலேயே மூடிவிடுகிறது, கூலிக்குப் போன தாய் அதற்குள் வீடு திரும்ப முடிவதில்லை. அபராதம் கட்டிய நம்ம உறுப்பினர் மாட்டிக்கொண்டது சரியாக இந்த இடைவெளியில்தான்.

அந்த வீட்டில் இப்போது

குழு மறுபடி கூடியது. அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தவணையை மூணு மாசம் தள்ளி வைத்தார்கள். நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பையன் அங்கன்வாடிக்குப் போகிறான். கைக்குழந்தையை எதிர் வீட்டு உறுப்பினர் பார்த்துக்கொள்கிறார். மூத்த மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனால் எதிர் வீட்டு அக்காவுக்கும் வயசாகிறது. அவருக்குச் சம்பளம் இல்லை. அவர் படுத்துவிட்டால் அந்தப் பை மறுபடி ஆணிக்குப் போய்விடும். ஒரு நல்ல மனசை நம்பி ஒரு பெண்ணின் படிப்பு நிற்பது சரியில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. உங்கள் குழுவில் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் ரெண்டு வயசுக்குக் கீழே எத்தனை? பெயர், வயசு எழுதுங்கள்.

2. போன மாசம் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் ஒவ்வொருவரும் எத்தனை நாள் வேலையை விட்டீர்கள்? உங்கள் ஊர்க் கூலியால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்.

3. தம்பி தங்கைக்காகப் பள்ளிக்கு லீவு போட்ட பெண் பிள்ளை யாராவது உண்டா? எத்தனை நாள்?

4. அங்கன்வாடிப் பணியாளரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். கேள்வி கேட்க மட்டும் அழைக்காதீர்கள், அவருக்கு என்ன குறை என்றும் கேளுங்கள். வாரம் ஒரு தாய் முறை வைத்துப் போய் உதவ முடியுமா என்று பேசுங்கள்.

5. கடன் விண்ணப்பத்தில் இனி ஒரு வரி சேருங்கள்: "கைக்குழந்தை இருக்கிறதா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" கூட்டமைப்பு அலுவலகமும் இதைச் சேர்க்கிறது.

6. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கிராம சபைக்குக் கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். "எங்கள் அங்கன்வாடியோடு காப்பகம் வேண்டும், மாலை வரை நடக்க வேண்டும், கூடுதலாக ஒரு பணியாளர் வேண்டும்" என்று தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்கிக் குழு நோட்டில் ஒட்டுங்கள்.

வெறும் மனுவாகப் போனால் "பார்க்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடலாம். கணக்கோடு போனால் அப்படி அனுப்ப முடியாது. இருபது தாய்மார்களின் கூலி நஷ்டத்தை ரூபாயில் எழுதிக் காட்டினால், கேட்பவர் ஒரு நிமிஷம் நின்று படித்துத்தான் ஆகவேண்டும். கணக்கு எழுத நமக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதைத்தானே கற்றுக்கொண்டோம்!

எந்த ஊரில் முதலில் தீர்மானம் பதிவாகிறதோ, அந்த ஊர்க் குழுவின் கணக்குத் தாளை அப்படியே அடுத்த இதழில் போடுகிறோம். எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்கள்